அக்ரிமென்ட்டில் தொற்றுநோய்ப் பந்தி ஒன்று இருக்கிறது, தம்பி கையெழுத்துப் போடலாமா?

கல்லடிப்பாலம்

வணக்கம் எல்லோருக்கும். 2020, 2021 காலத்தில் வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ ஒப்பந்த வேலையில் இருந்தவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். என் தம்பிக்குக் கட்டாரில் ஏசி திருத்தும் வேலை சரிவந்திருக்கிறது. இரண்டு வருடம், சம்பளம் பரவாயில்லை, சாப்பாடும் தங்குமிடமும் கம்பனி. சப் ஏஜென்ட் நேற்று இரவு அக்ரிமென்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, திங்கட்கிழமை கொழும்புக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். நான் இருந்து வரிவரியாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு பந்தி. தொற்றுநோயாலோ அரசு போடும் முடக்கத்தாலோ வேலை நின்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. தனிமைப்படுத்தல், பரிசோதனை, தடுப்பூசிச் செலவெல்லாம் தொழிலாளியுடையது. அந்த நேரத்தில் ஊருக்கு வர வேண்டுமென்றால் டிக்கெட்டும் அவர் தலையில்.

கேட்டால், "எல்லோரும் போடுகிற கையெழுத்துத்தானே அண்ணே, கொரோனா எல்லாம் முடிந்த கதை" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020இல் எங்கள் பெரியப்பாவின் மகன் ரியாத்தில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் அறைக்குள் கிடந்தார். இங்கே பெரியம்மா தாலிக்கொடியை அடகு வைத்து அவருக்குச் சாப்பாட்டுக் காசு அனுப்பினார். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஊரிலிருந்து காசு போன காலம் அது. அதைப் பார்த்துவிட்டு இந்தப் பந்தியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. என்ன செய்யலாம்?

வாழைச்சேனை மீன்வாடி

தம்பி போடட்டும். கோபப்படாமல் கேளுங்கள். ஒரு விசா வருவதற்கு எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் மெடிக்கலுக்கு மட்டும் இரண்டு தடவை கொழும்பு போய் வந்தவன். நீங்கள் பந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஏஜென்சி அடுத்த ஆளைக் கூப்பிடும், பின்னால் வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். தொற்று நாளைக்கு வரும் என்று பயந்து இன்றைக்கு வேலையை விடலாமா? வந்தால் உலகத்துக்கே வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மருதமுனைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாழைச்சேனைத் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்துத்தான் நாங்களும் போனோம். நான் டோஹாவில் ஒன்பது வருடம், கடைசியாக ஒரு கட்டுமானக் கம்பனியில் ஸ்டோர் கீப்பர். கம்பனியின் பெயர் வேண்டாம்.

2020 மார்ச் 17 அன்று சனையாவை, அதாவது எங்கள் கேம்ப் இருந்த தொழிற்பேட்டைப் பகுதியை மூடினார்கள். ஒன்றாம் தெருவிலிருந்து 32ஆம் தெரு வரை, யாரும் வெளியே போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. எங்கள் அறையில் எட்டுப் பேர், நாலு இரட்டைக் கட்டில். இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று ஐந்து மொழியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டுப் பேர் ஒரே கழிப்பறைக்குப் போகும் இடத்தில் எந்த இடைவெளி? நோயை விடவும் அந்த வாசகம்தான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. மே மாதம் இஹ்தெராஸ் என்ற கட்டார் அரசின் கொரோனாச் செயலி கட்டாயமானது. போனில் பச்சை காட்டினால்தான் கடைக்குள் விடுவார்கள். எங்கள் அறையில் இரண்டு பேரிடம் இருந்தது பட்டன் போன். அவர்கள் போன் வாங்கும் வரை அவர்களுக்கும் சேர்த்து நான்தான் பாணும் மீன் டின்னும் வாங்கி வந்தேன்.

இப்போது கல்லடித் தம்பியின் பந்திக்கு வருகிறேன். அன்றைக்குக் கட்டார் அரசு போட்ட விதி உண்மையில் இந்தப் பந்தியை விட நல்லது. தனிமைப்படுத்தலிலோ சிகிச்சையிலோ இருப்பவருக்கு முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும், அவருக்கு நோய் விடுமுறை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. கம்பனிகள் சம்பளம் கொடுப்பதற்காக வங்கிக் கடனுக்கு 300 கோடி ரியால் உத்தரவாதமும் அரசு கொடுத்தது. சரி, அப்படியென்றால் நாங்கள் ஏன் வெறுங்கையோடு வந்தோம்? அதே அறிவிப்பில் இன்னொரு வழியும் இருந்தது. நோயில்லாமல், வேலை நின்றதால் சும்மா இருப்பவர்களோடு கம்பனி பேசி, சம்பளமில்லா லீவு, குறைந்த நேரம், குறைந்த சம்பளம் என்று இணக்கத்துக்கு வரலாம். சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் நிறுத்தக் கூடாது.

இணக்கம் என்ற அந்தச் சொல்லில்தான் எங்களை விழுத்தினார்கள். ஏப்ரல் கடைசியில் கேம்ப் பொஸ் ஒரு கட்டுத் தாளோடு வந்து, "சாப்பாட்டுக் கணக்குக்கு, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அரபியில் இருந்தது. போட்டோம். மூன்று மாதம் கழித்து ஒரு எகிப்துக்காரப் பையன் வாசித்துச் சொன்னபோதுதான் தெரியும், சம்பளமில்லா லீவை நாங்களே விரும்பிக் கேட்டதாக எழுதியிருந்தது. எனக்கு ஐந்து மாதச் சம்பளம் போனது. என் பக்கத்துக் கட்டில் நேபாளக்காரருக்கு ஏழு மாதம்.

இன்னொன்று. கட்டார் தொழில் சட்டம், 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம், அதன் 4ஆம் பிரிவின்படி சட்டம் தரும் உரிமைதான் ஆகக் குறைந்தது, அதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது. 57ஆம் பிரிவு, வேலை முடிந்து ஊர் திரும்பும் செலவு கம்பனியுடையது என்கிறது. அதனால் அந்தப் பந்தியில் டிக்கெட் பற்றிய வரி அங்கே நிற்காது. ஆனால் நிற்காது என்று நிரூபிக்க உங்கள் தம்பி டோஹாவில் தொழில் அலுவலகப் படியில் போய் நிற்க வேண்டும், கையில் வேலையும் இல்லாமல், சில நேரம் ஐடி காலாவதியாகி. கையெழுத்துப் போடும் முன் கொழும்பில் கேட்பது எத்தனையோ மடங்கு சுகம். இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

ஏறாவூர் ராத்தா

காக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஆண்களுக்காவது கேம்ப் இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது. நான் குவைத்தில் வீட்டு வேலை. 2020 மே 10 தொடக்கம் மாதக் கடைசி வரை முழு ஊரடங்கு. வீட்டில் பதினொரு பேரும் வீட்டிலேயே. பள்ளிக்கூடம் இல்லை, ஒஃபீஸ் இல்லை, அதோடு நோன்பு மாதம். காலை ஐந்தரைக்கு எழும்பினால் அடுத்த நாள் விடியும் முன் ஸஹர் சாப்பாடு முடிந்துதான் படுப்பேன், அதற்குள் மூன்று நேரச் சமையல், கதவுப் பிடியெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குளோரின் போட்டுத் துடைக்க வேண்டும். கை தோல் உரிந்தது. கிழமைக்கு ஒரு நாள் லீவு என்று சட்டத்தில் இருக்கிறது, 2015இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். எனக்கு அந்த வருடம் ஒரு வெள்ளிகூட லீவு இல்லை. வெளியே போனால் நோய் கொண்டு வருவாய் என்று வீட்டுக்கார மேடம் சொன்னார். மேடத்தின் மகன் தினமும் வெளியே போய்வந்தான், அதை யாரும் கேட்கவில்லை.

நான் இதை எழுதுவது அழுவதற்கு இல்லை. அந்தப் பந்தியில் "வேலை நின்றால்" என்று இருக்கிறது. வேலை இரட்டிப்பானால் என்ன என்று ஒரு வரியும் இல்லை. கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள் தம்பி.

லெமிங்டன் களுதாவளை

நான் களுதாவளை, இப்போது கனடாவில் ஒன்ராறியோவின் லெமிங்டனில் ஒரு தக்காளிப் பசுமைக்குடிலின் சம்பளக் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். எங்களிடம் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஜமேக்கா ஆட்கள் தற்காலிக அனுமதியில் வருவார்கள். இங்கே நடந்ததையும் எழுதுகிறேன், வேறு நாட்டில் எப்படி எழுதினார்கள் என்று தெரிந்தால் கேட்பதற்கு உதவும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கனடா வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. ஒரு கிழமைதான், மார்ச் 26இல் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளருக்கு விலக்கு. தோட்டத்தில் ஆளில்லாவிட்டால் கடையில் மரக்கறி இல்லையே. ஆனால் வந்து இறங்கியவுடன் 14 நாள் தனிமைப்படுத்தல். அதற்கு முதலாளிக்குப் போட்ட விதிகள் இவை: அந்த 14 நாளுக்கும் ஒப்பந்தத்தில் சொன்ன மணிக்கூலியில் கிழமைக்குக் குறைந்தது 30 மணித்தியாலச் சம்பளம், பிறகு வெட்டிக்கொள்ளக் கூடாது. தொழிலாளி தானாக வந்து வேலை கேட்டாலும் அந்த நாட்களில் கொடுக்கக் கூடாது. தனிமைப்படுத்தலில் இருப்பவரை மற்றவர்களோடு ஒரே இடத்தில் தங்க வைக்கக் கூடாது, கட்டிலுக்குக் கட்டில் இரண்டு மீற்றர். மீறினால் பத்து இலட்சம் டொலர் வரை தண்டம். முதலாளிக்குக் கை கொடுக்க ஒரு தொழிலாளிக்கு 1,500 டொலர் வரை அரசு கொடுத்தது. நானே அந்தப் படிவங்களை நிரப்பியவன், அதனால் நன்றாகத் தெரியும்.

இதைப் பார்த்துக் கனடா சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 14 நாள் முடிந்து பழைய தங்குமிடத்துக்குப் போனதும் அதே நெருக்கம்தான். அந்தக் கோடையில் ஒன்ராறியோவில் மூன்று மெக்சிக்கோத் தொழிலாளர்கள் கொரோனாவில் இறந்தார்கள், ஜூனில் மெக்சிக்கோ அரசு ஆட்களை அனுப்புவதைச் சில நாள் நிறுத்தியது. 2021 டிசம்பரில் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளரே, தனிமைப்படுத்தல் சரியாக நடக்கிறதா என்று பார்த்த அரச பரிசோதனைகள் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று அறிக்கை விட்டார். ஆனால் விதி எழுத்தில் இருந்தது, அந்த 30 மணித்தியாலம் என்ற எண் இருந்தது. ஒருவருடைய சம்பளத்தில் குறைந்தபோது நான் அந்த வரியைக் காட்டித்தான் மேலாளரிடம் கதைத்தேன், அடுத்த கிழமை போட்டார்கள். எண் இல்லாவிட்டால் நான் எதைக் காட்டியிருப்பேன்?

வாழைச்சேனை மீன்வாடி

அண்ணே, கனடாவையும் வளைகுடாவையும் ஒப்பிட முடியுமா? அங்கே முதலாளிக்கு அரசு காசு கொடுக்கிறது. இங்கே சப் ஏஜென்ட்டுக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம். நான் திரும்பவும் சொல்கிறேன், கேட்பது நல்லது, ஆனால் கேட்டு வேலை போனால் அந்த வீட்டில் யார் உலை வைப்பது? எனக்கு மூன்று பிள்ளைகள், நான் அந்தப் பந்தி இருந்தாலும் போட்டிருப்பேன். அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மருதமுனைக் காக்கா

வெட்கப்பட ஒன்றும் இல்லை தம்பி. நானும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுத்தான் போனேன். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பந்தியை எழுதுகிறார்கள். 2020க்கு முன் என் இரண்டு ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு பந்தி இல்லை. நாங்கள் பட்டதைப் பார்த்துப் பாடம் படித்தது கம்பனிகள். நாங்களும் கொஞ்சம் படிப்போம்.

சாய்ந்தமருது 2 தடவை

தடுப்பூசிச் செலவு என்று இருக்கிறதே, அதைச் சின்ன விஷயம் என்று விட வேண்டாம். நான் 2021இல் லீவில் வந்து சவூதிக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவன். எங்கள் பக்கம் பெரும்பாலும் போட்டது சினோபாம் என்ற சீன ஊசி. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இரண்டும் போட்டேன், அட்டையும் கையில். சவூதி அப்போது ஏற்றுக்கொண்டது பைசர், அஸ்ட்ராசெனெக்கா, மொடெர்னா, ஜோன்சன் மட்டும். நான் போட்ட இரண்டும் அவர்களுக்குப் போடாத கணக்கு. அப்படிப் போனால் இறங்கியதும் ஹோட்டலில் ஏழு நாள், சொந்தச் செலவில். கம்பனியில் கேட்டேன், "அது உன் அரசாங்கம் போட்ட ஊசி, எங்களுக்கு என்ன" என்று மூதீர் (மேலாளர்) சொன்னார். ஆகஸ்டில்தான், சினோபாம் போட்டவர் அவர்கள் ஏற்கும் ஊசி ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் சரி என்று மாற்றினார்கள். அந்த ஒரு ஊசிக்காகக் கல்முனை, அம்பாறை, கொழும்பு என்று அலைந்தேன். எந்த ஊசி போட வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கவில்லை, எந்த ஊசியை ஏற்பது என்பதையும் நான் தீர்மானிக்கவில்லை, செலவு மட்டும் என்னுடையது. தம்பியின் பந்தியில் எழுதியிருப்பது இதைத்தான்.

வெல்லாவெளி வயல்

நான் இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நானும் சவூதி. 2020 ஏப்ரலில் அங்கே தொழில் சட்ட விதிகளில் 41ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள், ஆறு மாதம் வரை சம்பளத்தை 40 வீதம் வரை குறைக்கலாம் என்று. எங்கள் கம்பனி பாதிக்கு மேல் குறைத்தது. அதுவும் இரண்டு மாதம் தந்துவிட்டு நிறுத்தினார்கள். பிறகு, "லீவில் போய் வாருங்கள், நிலைமை சரியானதும் கூப்பிடுவோம்" என்று ரீஎன்ட்ரி (திரும்பி வரும் விசா) அடித்து அனுப்பினார்கள். நாலு மாதச் சம்பளமும், ஏழு வருட சர்வீஸ் காசும் (வேலை முடிந்து போகும்போது தரும் பணிக்கொடை) நிலுவை. எக்சிட், அதாவது வேலை முடிந்து போகும் விசா, அடிக்காததால் சர்வீஸ் காசு கேட்கவும் வழியில்லை, லீவில் இருப்பவர்தானே என்று பதில்.

கட்டுநாயக்காவில் இறங்கியது நடுச்சாமம். நீல உடுப்புப் போட்டவர்கள் மருந்து அடித்து, பஸ்ஸில் ஏற்றினார்கள், எங்கே என்று தெரியாது. விடிந்தபோது வன்னிக் காட்டுக்குள் ஒரு முகாம். 14 நாள். இராணுவம் சாப்பாடு தந்தது, குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்த பிறகுதான் கஷ்டம். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டினார், அதைக் கழற்றிய பிறகும் ஒரு மாதம் எங்கள் கிணற்றடிக்கு யாரும் வரவில்லை. புணானையில் 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தபோது எங்கள் மாவட்டத்திலேயே எதிர்ப்பு எழும்பியது ஞாபகம் இருக்கும். நானும் அப்போது ரியாத்திலிருந்து போனில், "ஏன் எங்கள் பக்கம் கொண்டு வருகிறார்கள்" என்று கேட்டவன். பிறகு நானே அந்த பஸ்ஸில் இருந்தேன்.

கம்பனி கூப்பிடவே இல்லை. சவூதி அரசு வெளியே மாட்டியவர்களின் ரீஎன்ட்ரியைக் கட்டணமில்லாமல் பல தடவை நீடித்தது, என்னுடையதும் நீண்டது, ஆனால் அங்கே வேலை இருந்தால்தானே. நான் காத்திருந்தேன். காத்திருந்த அந்தக் காலம்தான் என் பிழை என்று பிறகு ஒரு சட்டத்தரணி சொன்னார். வேலை உறவு முடிந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதற்குப் பிறகு தொழில் நீதிமன்றம் எடுக்காது. கட்டாரிலும் குவைத்திலும்கூட ஒரு வருடம்தானாம். விமான நிலையம் மூடிக் கிடந்த மாதங்களும் அந்த ஒரு வருடத்துக்குள் ஓடிவிட்டன. ஏழு வருடம். முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதப்படி, மிச்சம் இரண்டுக்கு முழு மாதப்படி என்று கணக்குப் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி அந்தக் கொப்பியை எறியச் சொல்கிறா. எறிய மனமில்லை.

செயலகப் பக்கம்

நான் ஒரு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன், எந்த இடம் என்று சொல்லவில்லை. வெல்லாவெளி அண்ணாவின் கதையைப் போல என் மேசைக்குக் கொப்பியோடு வந்தவர்கள் பலர். கையில் சம்பளச் சிட்டை இல்லை, ஒப்பந்தப் பிரதி இல்லை, கம்பனியின் பெயர் அரபியில் எப்படி எழுதுவது என்றுகூடத் தெரியாது. அதனால் கல்லடி அண்ணாவுக்கு மூன்று விஷயம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் தம்பி போகக் கூடாது, பதிந்தால்தான் காப்புறுதி. பதியக் கொடுக்கும் ஒப்பந்தமும் அங்கே போய்க் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தமும் ஒன்றா என்று பாருங்கள், விமானம் ஏறிய பிறகு வேறு தாள் நீட்டுவது வழக்கம். ஏஜென்சி முரண்டு பிடித்தால் 1989க்கு எடுத்துச் சொல்லுங்கள், அது பணியகத்தின் இலக்கம். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் ஒருவரின் போனிலும் வையுங்கள்.

ஏறாவூர் ராத்தா

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். என் மச்சான் குவைத்தில் கொரோனாவில் மௌத்தானார், அங்கேயே அடக்கினார்கள். இங்கே அப்போது கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கிற சட்டம் இருந்ததால், அங்கே அடக்கியதே பெரிய கிருபை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். பிறகு 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள், அது வேறு கதை. அவருடைய கடைசிச் சம்பளமும் சாமான் பெட்டியும் இன்னும் வரவில்லை. ஆள் இறந்தால் காசும் சாமானும் யாருக்கு, எத்தனை நாளில் என்று அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. பயமுறுத்தச் சொல்லவில்லை.

கல்லடிப்பாலம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நானும் தம்பியும் கொழும்புக்குப் போய்வந்தோம், நடந்ததை எழுதுகிறேன்.

சப் ஏஜென்ட்டை விட்டுவிட்டு நேரே ஏஜென்சிக்குப் போனோம். இந்த இழையிலிருந்து எடுத்து நாலு கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். வேலை நின்றால் சாப்பாடும் தங்குமிடமும் தொடருமா, தனிமைப்படுத்தலில் வைத்தால் சம்பளம் உண்டா, ஊசிக்கும் பரிசோதனைக்கும் யார் காசு, டிக்கெட் யாருடையது. அங்கே இருந்த பெண் முதலில், "இது கம்பனியின் படிவம், மாற்ற முடியாது" என்றா. நான் காக்கா சொன்ன 4ஆம் பிரிவையும் 57ஆம் பிரிவையும் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னேன். அவ உள்ளே போய் ஒருவரைக் கூட்டி வந்தா. அவர் ஒரு மணித்தியாலம் கழித்து டோஹாவுக்கு எடுத்துக் கதைத்துவிட்டு, டிக்கெட் வரியையும் சாப்பாடு தங்குமிடத்தையும் திருத்தித் தரலாம் என்றார். தனிமைப்படுத்தல் சம்பளத்துக்கு, "அரசு அப்போது என்ன சொல்கிறதோ அதன்படி" என்று எழுதலாமாம். ஊசிச் செலவுக்கு மட்டும் மறுத்துவிட்டார். ராத்தா சொன்ன கடைசி விஷயத்தைத் தம்பிக்கு முன்னால் கேட்க எனக்கு வாய் வரவில்லை, இன்று தொலைபேசியில் கேட்டேன், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

வேறு ஆளைக் கூப்பிடுவோம் என்று யாரும் சொல்லவில்லை, வாழைச்சேனை அண்ணே. ஆனால் உங்கள் பயம் எனக்கும் அந்த ஒரு மணித்தியாலமும் இருந்தது.

திருத்திய பிரதி இன்று மாலை வந்தது. ஆங்கிலத்தில் அவர்கள் சொன்னபடி இருக்கிறது. அரபிப் பிரதியில் அந்தப் பந்தியின் நீளம் மட்டும் பழையபடியே இருப்பது போலத் தெரிகிறது, வரிகளை எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி, முன்பும் ஆறு. காக்கா, படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தெரிந்த மௌலவி யாரிடமாவது காட்டி வாசித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை தம்பி போட மாட்டான்.

மருதமுனைக் காக்கா

படம் கிடைத்தது. எண்ணிப் பார்த்தது நல்ல வேலை. இஷாத் தொழுகைக்குப் பிறகு மௌலவி வீட்டுக்குப் போகிறேன். மூன்றாம் வரி மங்கலாக இருக்கிறது, வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்கள்.